நெஞ்சின் வெளிமுகவரி

"முகவரி சொல்லுங்கம்மா" என்றான் இமானுவேல்.

பூங்கோதை மாடி நடையில் இருந்த அவசரக் குரல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி அவள் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் அவள் கணவர் தணிகாசலம் மல்லாந்து கிடந்தார். சட்டைப் பொத்தான்களை அவளே பிய்த்து எறிந்திருந்தாள். இடது மார்பில், தோலுக்கு அடியில் பதித்த நெஞ்சுப்பொறியின் விளக்கு தாறுமாறாகச் சிவந்து அணைந்தது. கதவுக்கு மேலே பித்தளைத் தகட்டில் எண் பொறித்திருந்தது.

"பதினேழு, அறுபத்திரண்டு" என்றாள்.

"இருங்க, தேடுறேன்." நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நகரத்து இதய மருத்துவமனையின் அவசர மேசையில் இருந்த அந்த இளைஞன் விசைகளைத் தட்டுவது அவளுக்குக் கேட்டது. "கிடைச்சிருச்சும்மா. பொறி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இங்கேர்ந்தே நிறுத்தி எழுப்புறேன். மூணு செகண்டு நெஞ்சு நின்னுட்டு மறுபடி ஓடும். பயந்துறாதீங்க."

அவள் விளக்கையே பார்த்தாள். மூன்று நொடி போனது. பத்து நொடி போனது. விளக்கு நிற்கவுமில்லை, சீராகவுமில்லை.

"ஒண்ணும் ஆகலையே தம்பி."

"ஆகலையா? நின்னு எழுந்திருச்சுன்னு இங்க காட்டுதே. சரி, இன்னொரு வாட்டி அனுப்புறேன்."

இரண்டாவது முறையும் ஆகவில்லை. மூன்றாவது முறை அனுப்பியபோது மறுமுனையில் எங்கோ மணி அடித்தது. சிலர் தடதடவென்று ஓடினார்கள். ஒரு பெண் குரல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியது. பூங்கோதைக்கு அந்த நிலையிலும் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. தன் கணவருக்காக அங்கே இத்தனை பேர் ஓடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் தொகுப்பில் குடியிருந்த யாராக இருந்தாலும் அன்றைக்கு அதே எண்ணைத்தான் சொல்லியிருப்பார்கள். இருபத்தெட்டு மாடி, இரண்டாயிரத்து நானூறு பேர், அத்தனை பேரும் பக்கத்து மின்கலத் தொழிற்சாலையை நம்பிப் பிழைப்பவர்கள். அந்தத் தூசி நாற்பது வயதுக்குள் இதயத்தைத் தின்றுவிடும். தொழிற்சாலை அதற்காகத் தூசியைக் குறைக்கவில்லை; நாற்பது வயதானவர்களுக்கெல்லாம் நெஞ்சுப்பொறி வைத்துவிட்டது. அந்தப் பொறிகளும் வீட்டு விளக்குகளும் கதவுப் பூட்டுகளும் கைப்பலகைகளும் தரைத்தளத்தில் பீரோ அளவில் நின்ற ஒரே பெட்டியோடு பேசின. அதற்கு வாயிலி என்று பெயர்.

தொகுப்பிலிருந்து எந்தச் செய்தி வெளியே போனாலும் வாயிலி வழியாகத்தான் போகும். உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உள்முகவரி உண்டு: மாடி எண், கதவு எண். வெளியே அப்படியில்லை. வெளியுலகத்துக்கு அந்த இரண்டாயிரத்து நானூறு பேரும் சேர்ந்து ஒரே ஆள்தான். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரி. யார் எதைக் கேட்டார்கள் என்பதை வாயிலி நினைவில் வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வந்து நிற்பவற்றை அது தூக்கி எறிந்துவிடும்.

பதினோரு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன் அந்த வெளிமுகவரியைக் கண்டுபிடித்து, உள்ளே புகுந்து, விளையாட்டுக்காகவோ வேறெதற்காகவோ எல்லாக் கதவுகளையும் பூட்டினான். ஒரு முழு நாள் தொகுப்பே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அடுத்த வாரம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். வெளிமுகவரி தினமும் விடியற்காலையில் மாற வேண்டும், அதை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. பூங்கோதை அன்றைக்கு இரண்டு கையையும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு வெளிமுகவரி என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனார்கள். உள்முகவரிதான் கல்யாணப் பத்திரிகையில் வந்தது, பள்ளிக்கூடத்து அட்டையில் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் "இருபது முப்பத்தொண்ணு வீட்டுப் பையன்" என்றுதான் சொன்னார்கள். பதினேழு அறுபத்திரண்டு என்றால் தணிகாசலம் வீடு என்று இருபத்தெட்டு மாடிக்கும் தெரியும். அந்த இருபத்தெட்டு மாடியைத் தாண்டினால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பொருளே இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாயிலிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எந்தக் கட்டடத்தில் வைத்தாலும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே எல்லாத் தொகுப்பிலும் ஒரு பதினேழு அறுபத்திரண்டு இருந்தது. உள்முகவரியை வெளியாளிடம் சொன்னால் அவன் தன் வீட்டுக்குள்தான் தேடுவான். மருத்துவமனையின் கணிப்பொறியும் தன் வீட்டுக்குள்தான் தேடியது. பதினேழாவது வார்டு, அறுபத்திரண்டாவது கட்டில்.

அந்தக் கட்டிலில் மாசிலாமணி என்பவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுப் பொறி பொருத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டதால் சட்டையெல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். அவருடைய மகள் ஆதிரை வண்டி பிடிக்கக் கீழே போயிருந்தாள். அவருடைய நல்ல நெஞ்சு ஒருமுறை நின்று எழுந்தது. இரண்டாவது முறையும் நின்று எழுந்தது. மூன்றாவது முறை எழவில்லை.

"அம்மா" என்றான் இமானுவேல். அவன் குரல் மாறியிருந்தது. "நீங்க சொன்னது உள்முகவரியா?"

"கதவுல போட்டிருக்கிற முகவரிப்பா."

அவன், "எனக்கு உங்க தொகுப்போட வெளிமுகவரி வேணும். உடனே வேணும்" என்று மட்டும் சொன்னான்.

அவசரக் குரல்பேசி வாயிலியைச் சேராமல் தனிக் கம்பியில் ஓடுவது. அதனால் அவனாகவே அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று பார்த்துக்கொள்ள வழியில்லை. உள்ளிருந்தே இந்தக் கட்டளையை அனுப்பக்கூடிய தொகுப்பின் சொந்த மருத்துவக் கணிப்பொறியோ நான்கு நாளாகப் பழுது. பூங்கோதை குரல்பேசியைத் தொங்கவிட்டுவிட்டு மின்தூக்கிக்கு ஓடினாள்.

வாயில் காப்பாளர் ஜமால் மைதீன் தரைத்தளத்தில் வாயிலிக்கு முன்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்குக் காவல்.

"பாய், வெளிமுகவரி வேணும். அவரு கீழ விழுந்துட்டாரு, நெஞ்சுப்பொறி தாறுமாறா ஓடுது."

"அத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு தங்கச்சி, நீயும் கை தூக்கினவதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "எனக்கே தெரியாது. இந்தப் பெட்டிக்கும் தெரியாது. இதுக்கு மேல நகரத்துல ஒரு பெரிய வாயிலி இருக்கு, அதுதான் முகம் போட்டு அனுப்புது. நம்மள வெளிய எப்படித் தெரியும்னு வெளிய இருக்குற ஒருத்தன்கிட்டதான் கேக்கணும்."

நகர நூலகத்துக் கணிப்பொறிக்கு ஒரு வெற்றுக் கடிதம் அனுப்பி, எந்த முகவரியிலிருந்து இது வந்ததாக உனக்குத் தெரிகிறது என்று கேட்டார். பதில் வரும்வரை பூங்கோதை வாயிலியின் இரும்புப் பக்கத்தைக் கையால் அடித்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு இலக்கம் வந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேலே ஓடினாள். ஜமால் அந்த ஒரு கட்டளையை மட்டும் பதினேழு அறுபத்திரண்டுக்கு விடும்படி வாயிலியைத் திறந்து வைத்தார்.

இமானுவேல் இலக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னான். அவன் அழுதுகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்று தெரியவில்லை. கட்டளை வந்தது. தணிகாசலத்தின் நெஞ்சு மூன்று நொடி நின்று, எழுந்து, ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அவர் கண்ணைத் திறந்து, "சட்டைய ஏன் கிழிச்ச" என்று கேட்டார்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. இமானுவேல், "அவங்க சொன்ன எண்ணைத் தேடினேன், இருந்துச்சு, அனுப்பினேன்" என்றான். பூங்கோதை, "முகவரி கேட்டாங்க, முகவரியத்தான் சொன்னேன்" என்றாள். இரண்டும் உண்மை. உண்மைக்குத் தண்டனை கொடுக்க வழி தெரியாமல் நீதிபதி வாயிலிகளுக்குத் தண்டனை கொடுத்தார். நாடு முழுக்க எல்லா வாயிலியும் அகற்றப்பட வேண்டும். ஒவ்வொரு நெஞ்சுக்கும் உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனி வெளிமுகவரி வேண்டும், அது பெயரோடு பட்டியலில் வர வேண்டும். எந்த நெஞ்சைப் பார்த்தும் எவரும் "இருக்கிறாயா" என்று கேட்கலாம். கேட்டால் அந்த நெஞ்சு "உள்ளேன்" என்று பதில் சொல்லியே தீர வேண்டும். அவசர மேசை இனி ஆள் தெரியாமல் தடுமாறக் கூடாது அல்லவா. கட்டளைகளுக்கு மட்டும் மருத்துவரின் சாவி வேண்டும், கேள்விக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தீர்ப்பு வாசித்த நாளில் ஆதிரை நீதிமன்றத் தாழ்வாரத்தில் பூங்கோதையின் எதிரே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயதிருக்கும், மெலிந்த பெண், அழுது முடித்த முகம். "இனிமே உங்க வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னு நான் எங்க இருந்தாலும் பாத்துக்கலாம்" என்றாள். அதோடு திரும்பிப் போய்விட்டாள். அது சாபமா, ஆறுதலா என்று பூங்கோதைக்குப் புரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தணிகாசலத்தின் நெஞ்சுக்கான பதினாறு இலக்கம் கொண்ட புதுத் தகடு கதவில் ஏறியது. பழைய பித்தளையைத் தணிகாசலம் கழற்றி அடுக்களை அலமாரிக்கு அடியில் போட்டார். யாருக்கும் தன்னுடைய பதினாறு இலக்கம் மனப்பாடம் ஆகவில்லை. கைப்பலகைகளுக்கும் தனித்தனியே வெளிமுகவரி கொடுத்தார்கள். அதை எந்தக் கதவிலும் எழுதாததால் அப்படியொன்று தங்களுக்கு இருப்பதையே பாதிப் பேர் கவனிக்கவில்லை.

ஆனால் கேட்கும் வசதி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பெண்கள் வேலைக்குப் போன கணவர்களின் நெஞ்சைக் கேட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் நெஞ்சைக் கேட்டார்கள். பூங்கோதை தொகுப்பின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். முதல் வாரம் முழுக்க ஈரக் கையைத் துடைத்துத் துடைத்துக் கைப்பலகையை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் "உள்ளேன்" என்று எழுத்து வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துணியை எடுப்பாள். ஈரக் கையைப் பலகை அடையாளம் கண்டுகொள்ளாமல் அடம்பிடித்தபோது, கூட வேலை செய்யும் பெண்ணொருத்தி அதில் எதையோ மாற்றி, ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்படி வைத்துக் கொடுத்தாள். "புள்ளி எரிஞ்சா அண்ணன் நல்லா இருக்காருன்னு அர்த்தம்க்கா, நீ எதையும் அழுத்த வேணாம்." அன்றிலிருந்து அவள் எதையும் அழுத்தவில்லை. சுருக்குப்பையை விரித்து, புள்ளி எரிகிறதா என்று பார்ப்பாள், மறுபடி துணியை அலசுவாள். தூங்கும்போது பலகை தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஐந்தாவது மாதம் பொறியைச் சோதிக்க வந்த தொழில்நுட்பன் தணிகாசலத்தின் மார்பில் அளவுக்கருவியை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஒன்பது வருஷம் வர வேண்டிய மின்கலம் ஐயா. இது போற போக்குக்கு இன்னும் பதினாலு மாசம்."

"மாத்திக்கலாமில்ல?" என்றாள் பூங்கோதை.

"உங்க வீட்டுக்காரருக்கு மறுபடி நெஞ்ச திறக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா. தாங்காது." அவன் கருவியின் கம்பியைச் சுருட்டினான். "பொறி ஓடுறதுக்குப் பெருசா ஒண்ணும் செலவாகாது. பதில் சொல்லுறதுக்குத்தான் செலவாகும். யாரோ இவர விடாம கேட்டுக்கிட்டே இருக்காங்க."

பூங்கோதைக்கு உடனே ஆதிரை எதிரே வந்து நின்ற அந்தத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜமாலைத் தேடிப் போனாள்.

வாயிலியை அகற்றிய பிறகு ஜமால் அதே இடத்தில் ஒரு முக்காலி போட்டுக் கைப்பலகை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. அவர் தணிகாசலத்தின் பொறியிலிருந்து பதிவை இறக்கிக் காட்டினார். யார் யார் எத்தனை முறை கேட்டார்கள் என்று முகவரி வாரியாக இருந்தது. மருந்து விற்பவர்கள், காப்பீட்டுக்காரர்கள், எதற்கென்றே தெரியாமல் உலகத்தையெல்லாம் தட்டிப் பார்ப்பவர்கள் என்று ஒரு முப்பது பேர். ஆளுக்கு நாளுக்கு ஒரு தடவை. எல்லோருக்கும் மேலே ஒரே ஒரு முகவரி. நாளொன்றுக்கு முந்நூற்றறுபது முறை.

"இந்த ஒருத்தர்தான் மின்கலத்த குடிக்கிறாரு" என்றார் ஜமால்.

"யாருது இது?"

"பேரு போட்டிருக்காது. நெஞ்சுக்குத்தான் பேரோட பட்டியல் போட்டான். இது ஒரு கைப்பலகை. நம்ம ஊரு எண்தான், அதுக்கு மேல தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் பூங்கோதை.

"முன்னேன்னா இவனுங்க ஒருத்தனயும் உள்ள விட்டிருக்க மாட்டேன். இப்ப உள்ளன்னு ஒண்ணு இல்ல தங்கச்சி. அடுக்களையிலேர்ந்து கூடத்துல இருக்குற ஆளக் கேட்டாலும் அது வெளிய போயி, வெளியேர்ந்துதான் வருது" என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பதினாறு இலக்கத்தையும் ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னாள்.

"வேணாம் கோதை" என்றார் தணிகாசலம். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போகாத ஆண் கீரையாவது ஆயட்டும் என்று அவரே எடுத்துக்கொண்ட வேலை.

"பதினாலு மாசங்க."

"அந்தப் பொண்ணோட அப்பா என் பேருல போனவரு. எனக்கு வர வேண்டியது அவருக்குப் போயிருச்சு. அது கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

"கேட்டுக் கேட்டே உங்கள முடிச்சிருவா. அது தெரிஞ்சேதான் செய்றா."

"செஞ்சா செய்யட்டும். நாம போயி அதுகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிறுத்துன்னு சொல்றது?"

பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் அந்த வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பதினாலு மாதம் பெரிதாக இருந்தது. சுருக்குப்பையில் காகிதத்தையும் கைப்பலகையையும் வைத்துக்கொண்டு, விசாரணைத் தாளில் இருந்த ஆதிரையின் விலாசத்துக்கு ரயிலேறினாள். வழியில் இரண்டு தடவை பையைத் திறந்து பச்சைப் புள்ளியைப் பார்த்தாள்.

ஆதிரை திருவொற்றியூரில் ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். மீன் குளிரறையில் வேலை. கதவைத் திறந்தபோது கையில் இன்னும் ரப்பர் உறை இருந்தது. பூங்கோதையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. இருந்தாலும் விலகி வழிவிட்டாள்.

"உக்காருங்க."

"உக்கார வரலம்மா." வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் பூங்கோதைக்கு நினைவில் வரவில்லை. "நீ கேக்குறத நிறுத்து. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். உங்கப்பாவ நான் வேணும்னு செய்யல. தெரியாமச் சொல்லிட்டேன். அதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் செய். அவரக் கேட்டுக் கேட்டுக் கொல்லாத."

"நான் என்ன கேட்டேன்?"

"ஒரு நாளைக்கு முந்நூத்தறுபது வாட்டி. ஒவ்வொரு பதிலுக்கும் மின்கலம் தேயுது. இன்னும் பதினாலு மாசம்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. இதோ, உன் முகவரிதானே?" காகிதத்தை நீட்டினாள்.

ஆதிரை கையுறையைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்" என்றாள். "பட்டியல் வந்த முதல் நாள். உள்ளேன்னு பதில் வந்துச்சு. எங்கப்பா எடத்துல இருந்துக்கிட்டு ஒருத்தர் உள்ளேன்னு சொல்றாரேன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. அதுக்கப்புறம் கேக்கத் தோணல."

"பொய் சொல்லாத. அன்னைக்கு நீயே சொன்ன, பாத்துக்கலாம்னு."

"சொன்னேன். செய்யல." அவள் தன்னுடைய கைப்பலகையைக் கொண்டுவந்து அதன் முதுகில் பொறித்திருந்த இலக்கங்களைக் காட்டினாள். காகிதத்தில் இருந்தது அதில்லை. முதல் நான்கு இலக்கங்கள் மட்டும் ஒன்றாக இருந்தன. ஊரில் எல்லோருக்கும் அந்த நான்கும் ஒன்றுதான்.

பூங்கோதை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப யாரு?"

ஆதிரை காகிதத்தோடு கதவருகே போனாள். இந்த நகரத்தில் வாசலில் யார் வந்து நின்றாலும் அவர்கள் கையில் உள்ள பலகையின் வெளிமுகவரியைக் கதவு காட்டிவிடும். அவள் கதவின் திரையில் கடைசியாக வந்தவரின் எண் இன்னும் அழியாமல் இருந்தது. காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுக்கொண்டே போனாள். பதினாறாவது வரைக்கும் போனாள்.

"உங்க முகவரி உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

பூங்கோதை கிட்டே வந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது போல நேரம் ஆனது. பிறகு சுருக்குப்பையை விரித்துக் கைப்பலகையை எடுத்தாள். ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"நான் எதையும் அழுத்துறதே இல்ல" என்றாள். "புள்ளி எரியுதான்னு பாக்குறதோட சரி."

"அது எப்படி எரியுதுன்னு நினைச்சீங்க?" ஆதிரை பலகையை வாங்கி எதையோ திறந்தாள். "நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக் கேளுன்னு வச்சிருக்கு. ராத்திரி பகல்னு இல்லாம. ஒவ்வொரு தடவையும் அவரு பதில் சொன்னாத்தான் இது எரியும்."

"நான் வீட்டு ஆளு. அவரு பொண்டாட்டி."

"பொறிக்கு அது தெரியாது."

பூங்கோதை அப்போதுதான் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போட வந்து தன் வீட்டு மாடே அவள் தோட்டத்தை மேய்ந்திருப்பதைக் கண்டவள் மாதிரி முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. ஐந்து மாதமாகத் தான் ஆசையாசையாகப் பார்த்த வெளிச்சம் அவர் மார்பிலிருந்து எடுத்தது என்பது மெல்ல மெல்ல உறைத்தது. அவள் அழவில்லை. ஆதிரை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அதைக் குடித்தாள்.

"இத நிறுத்திட்டா எவ்வளவு நாள் இருப்பாரு?"

"எனக்கென்ன தெரியும். ஒன்பது வருஷத்துப் பொறி, இப்படித் தேய ஆரம்பிச்சு அஞ்சு மாசம்தானே ஆகுது. ஏழோ எட்டோ வருஷம் ஓடும்." ஆதிரை பலகையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "எங்கப்பா பொறியும் ஒன்பது வருஷத்துப் பொறிதான்."

பூங்கோதை காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேணாம்" என்றாள் ஆதிரை. "இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்காம இருக்கணும். அவ்வளவுதான். வேலைக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாக்குற வரைக்கும் தெரியாது. முன்னாடி எல்லாரும் அப்படித்தானே இருந்தாங்க. நான் வண்டி பிடிக்கப் போனப்ப எனக்கும் தெரியாது."

அவளே அதை அணைத்தாள். பச்சைப் புள்ளி போனதும் பலகையின் ஓரம் சும்மா கறுப்பாக இருந்தது. பூங்கோதை இரண்டு கையாலும் அதை வாங்கிப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒரு நாள் வந்து அவரப் பாரும்மா" என்று சொல்ல நினைத்தாள். எந்த உரிமையில் சொல்வது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அவருக்கு எட்டு வருடம் கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெறும் கையோடு போய் எட்டு வருடம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. கடற்கரை நிலையம் வரை அந்தச் சந்தோஷம் தாங்கியது.

அதற்குப் பிறகு, அவர் கீரை ஆய்ந்துகொண்டு சாய்ந்திருந்த விதம் நினைவுக்கு வந்தது. தான் கிளம்பும்போது அவர் முகம் வெளுத்திருந்ததோ? சண்டை போட்டுவிட்டு வந்தோமே, அந்த வேகத்தில் அவருக்கு ஏதாவது? வீட்டில் யாருமில்லை. ஜமால் கீழே இருக்கிறார், மேலே வர மாட்டார். ஐந்து மாதமாக நான்கு நிமிடத்துக்கு மேல் அவரைத் தெரியாமல் இருந்ததில்லை. இப்போது இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு மனிதன் விழுந்து, எழுந்து, மறுபடி விழலாம். அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். எதிரே இருந்த அம்மாள், "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினாள்.

ஒரே ஒரு தடவை கேட்டால் என்ன போய்விடும் என்று தோன்றியது. ஒரு பதிலுக்கு அவருடைய ஆயுளில் அரை மணி நேரம் போகும். போகட்டும், எட்டு வருடத்தில் அரை மணி நேரம் ஒரு கணக்கா. முடிச்சை அவிழ்த்தாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

"உள்ளேன்" என்று எழுத்து வந்தது.  பலகையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு நிலையம் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பதில் வந்து இப்போது எட்டு நிமிடம் ஆகிறதே என்று நினைத்து, மறுபடி அழுத்தினாள்.